முந்நூறு தொலைபேசி எண்களும் ஒரு மேக்ரோவும்

இரவு மணி பத்தரை. மருத்துவமனையிலிருந்து செய்தி வருகிறது. பிரசவத்துக்கு வந்த ஒரு தாய்க்கு அவசரமாக ரத்தம் வேண்டும். வகை ஓ நெகட்டிவ். எங்கள் ஊர் ரத்த தானக் குழுவின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவன் செல்போனில் எண்களை அழுத்துகிறான். முதல் எண் தவறானது என்கிறது இயந்திரக் குரல். இரண்டாவது எண்ணுக்கும் அதே பதில். நல்லவேளை, மூன்றாவது எண்ணில் மணி அடித்தது. அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் இரண்டு எண்களிலும் ஒவ்வோர் இலக்கம் குறைவாக இருந்தது. மேலும் கீழும் பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பட்டியலுக்கு இதே கதி! அந்த இலக்கங்களைத் தின்றது யார் தெரியுமா? நான்தான். சரியாகச் சொன்னால், நான் தயாரித்த ஒரு மேக்ரோ.

மேக்ரோ என்றால் என்ன? கிரேக்க மொழியில் 'மாக்ரோஸ்' என்றால் நீண்டது, பெரியது என்று பொருள். 1950-களில் கணிப்பொறிக்கு நிரல் எழுதியவர்கள், கூட்டு, நகர்த்து, எடுத்து வை என்பன போன்ற மிகச் சிறிய கட்டளைகளை ஆயிரக்கணக்கில் எழுத வேண்டியிருந்தது. ஒரே கட்டளைத் தொகுதி திரும்பத் திரும்ப வந்ததால் அவர்களுக்கு அலுப்புத் தட்டியது. எனவே அந்தத் தொகுதிக்கு ஒரு பெயர் சூட்டினார்கள். பெயரை மட்டும் எழுதினால் போதும். கணிப்பொறி அதை முழுத் தொகுதியாக விரித்துக்கொள்ளும். இந்தப் 'பெரிய கட்டளை'தான் மேக்ரோ.

பின்னாளில் இந்த எண்ணம் சாதாரண எழுத்து வேலைக்கும் வந்தது. அமெரிக்காவில் 1976-இல் உருவான 'ஈமாக்ஸ்' என்னும் எழுத்துத் தொகுப்பு நிரலின் பெயரிலேயே மேக்ரோ ஒளிந்திருக்கிறது. 'எடிட்டர் மேக்ரோஸ்' என்பதன் சுருக்கம் அது. 1983-இல் வெளிவந்த 'லோட்டஸ் 1-2-3' என்னும் கணக்குத்தாள் நிரலில் கணக்கு எழுதுபவர்களே மேக்ரோ எழுதிக்கொள்ள முடிந்தது. இன்று நீங்கள் பள்ளிக் கணிப்பொறியில் காணும் எழுத்து நிரல்களிலும் கணக்குத்தாள் நிரல்களிலும் இந்த வசதி பெரும்பாலும் இருக்கிறது.

மேக்ரோ தயாரிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பதிவு செய்வது. 'பதிவைத் தொடங்கு' என்று சொல்லிவிட்டு ஒரு வேலையை ஒரு முறை செய்து காட்ட வேண்டும். நீங்கள் அழுத்திய விசைகளை அது நினைவில் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒரே ஒரு விசை. அதே வேலை நூறு முறை வேண்டுமானாலும் நடக்கும். மற்றொரு வழி, கட்டளைகளை நாமே யோசித்து எழுதுவது. நான் முதல் வழியில் போய் அகப்பட்டுக்கொண்டேன்.

எங்கள் பட்டியலில் வரிக்கு ஒருவராக ஏறக்குறைய முந்நூறு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு வரியும் தொலைபேசி எண்ணில் தொடங்கும். பிறகு பெயர், ரத்த வகை. முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்தவர் எல்லா எண்களுக்கும் முன்னால் ஒரு சுழியம் போட்டிருந்தார். அதை எடுத்துவிட்டு, இந்தியாவின் நாட்டு எண்ணான 91-ஐக் கூட்டல் குறியோடு சேர்த்தால் எங்கிருந்தும் அழைக்கலாமே என்று எனக்கு ஓர் ஆசை. பதிவைத் தொடங்கினேன். வரியின் தொடக்கத்துக்குப் போனேன். ஓர் எழுத்தை அழித்தேன். +91 என்று தட்டினேன். அடுத்த வரிக்கு இறங்கினேன். பதிவு முடிந்தது. பிறகு முந்நூறு முறை ஓடவிட்டேன். முதல் இருபது வரிகளைப் பார்த்தேன், அழகாக இருந்தன. கோப்பைச் சேமித்து மூடிவிட்டேன்.

இரண்டாம் பக்கத்தைத் தட்டச்சு செய்தவர் வேறொருவர். அவர் சுழியம் போடும் வழக்கமில்லாதவர். அவருடைய வரிகளில் முதல் எழுத்து சுழியம் அன்று. செல்போன் எண்ணின் முதல் இலக்கம். மேக்ரோவுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? 'ஓர் எழுத்தை அழி' என்பதுதான் அதற்குக் கிடைத்த கட்டளை. அழிப்பது சுழியமா, ஒன்பதா என்று பார்க்கச் சொல்லி நான் எங்கே சொன்னேன்?

போன இலக்கத்தை ஊகித்துத் திருப்பிப் போடவும் வழியில்லை. இந்தியாவில் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றில் தொடங்குகின்றன. மிஞ்சிய ஒன்பது இலக்கங்களுக்கு முன்னால் இருந்தது இந்த நான்கில் எது? அன்று எங்களைக் காப்பாற்றியது, தானம் செய்ய முன்வந்தவர்கள் தங்கள் கையால் நிரப்பிக் கொடுத்த காகிதப் படிவங்கள்தாம். அவற்றைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து தட்டச்சு செய்தோம். இம்முறையும் நான்கு பேர், நான்கு விதம். ஆனால் மேக்ரோவை மட்டும் இரண்டாவது வழியில், யோசித்து எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால் தொலைபேசி எண் என்பது என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அதை எண் என்று அழைக்கிறோமே தவிர, அது உண்மையில் எண்ணே அன்று. இரண்டு தொலைபேசி எண்களைக் கூட்டி யாருக்கு என்ன பயன்? ஒன்றைவிட மற்றொன்று பெரியது என்பதற்கு ஏதேனும் பொருள் உண்டா? இலக்கங்களால் எழுதப்பட்ட ஒரு முகவரி அது. கணிதத்தில் 007-உம் 7-உம் ஒன்றே. முகவரியில் அப்படியில்லை.

இந்த வேறுபாடு கணக்குத்தாள் நிரலுக்குத் தெரியாது. 044 என்று தொடங்கும் சென்னை எண் ஒன்றை இடைவெளியின்றித் தட்டிப் பாருங்கள். முன்னால் உள்ள சுழியம் மறைந்துவிடும். 91-இல் தொடங்கும் பன்னிரண்டு இலக்க எண்ணைத் தட்டினால், விஞ்ஞானிகள் எழுதும் முறையில் 9.19-ஐப் பத்தின் 11-ஆம் அடுக்கால் பெருக்கியதாகக் காட்டும்! அது தன் அறிவுக்கு எட்டியபடி நமக்கு உதவுவதாக நினைத்துக்கொள்கிறது. எனவே தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தி முழுவதையும் 'இது எழுத்து, எண் அன்று' என்று அறிவித்துவிட வேண்டும். பிறகு அறிவித்தால், போன சுழியம் வராது.

சரி, இந்த முகவரி எப்படி அமைந்திருக்கிறது? உலகத் தொலைபேசி எண்களுக்கான விதியை ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்திருக்கிறது. நாட்டு எண்ணையும் சேர்த்து மொத்தம் 15 இலக்கங்களுக்கு மேல் போகக் கூடாது. முதலில் நாட்டு எண்: இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94, சிங்கப்பூருக்கு 65, மலேசியாவுக்கு 60. எந்த நாட்டு எண்ணும் இன்னொரு நாட்டு எண்ணின் தொடக்கமாக இராது. 7 என்பது ரஷ்யாவுக்கும் கஸாக்ஸ்தானுக்கும் உரியது. ஆகவே 71, 72 என்று வேறு நாட்டு எண்கள் கிடையா. இதனால் இணைப்பகம் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வரும்போது, நாட்டு எண் எங்கே முடிகிறது என்று குழம்புவதில்லை. நடுவில் காற்புள்ளி எதுவும் தேவையில்லை. அழகான ஏற்பாடு, இல்லையா?

முன்னால் போடும் கூட்டல் குறி ஓர் இலக்கம் அன்று. 'இனி வருவது நாட்டு எண்' என்னும் அறிவிப்பு அது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டை அழைக்க முதலில் 00 அழுத்துகிறோம், அமெரிக்காவில் 011. இடத்துக்கு இடம் மாறும் இதற்குப் பதிலாகக் கூட்டல் குறியைப் போட்டுவிட்டால், செல்போன் அமைப்பு அதை அந்தந்த நாட்டு வழக்கப்படி புரிந்துகொள்ளும். அதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் கூட்டல் குறியைப் போட்டுவிடக் கூடாது. 98-இல் தொடங்கும் நம் ஊர்ச் செல்போன் எண்ணுக்கு முன்னால் வெறுமனே கூட்டல் குறி போட்டால் என்ன ஆகும்? 98 ஈரானின் நாட்டு எண். அழைப்பு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

இந்தியாவுக்குள் வந்தால், 91-க்குப் பின் பத்து இலக்கங்கள். செல்போனுக்கும் பத்து, வீட்டுத் தொலைபேசிக்கும், ஊர் எண்ணோடு சேர்த்துப் பத்து. சென்னையின் ஊர் எண் 44, பிறகு எட்டு இலக்கங்கள். கோயம்புத்தூருக்கு 422, பிறகு ஏழு. சிதம்பரத்துக்கு 4144, பிறகு ஆறு. பெரிய ஊருக்குச் சிறிய ஊர் எண். அப்போதுதான் உள்ளே நிறைய வீடுகளுக்கு இடம் கிடைக்கும். ஊர் எண்ணுக்கு முன்னால் நாம் போடும் சுழியம், 'இது வேறு ஊருக்கு' என்று இணைப்பகத்துக்குச் சொல்வது. அது முகவரியின் பகுதியன்று. வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது அதை விட்டுவிட வேண்டும்.

இப்போது எங்கள் பட்டியலுக்கு வருவோம். ஒரே செல்போன் எண் அதில் எத்தனை வேடங்களில் வரும் தெரியுமா? பத்து இலக்கங்களும் ஒட்டியபடி, ஐந்து ஐந்தாகப் பிரித்து, முன்னால் சுழியத்தோடு, 91-ஓடு, +91-உம் சிறு கோடும் சேர்த்து, 0091-ஓடு. சிலர் அடைப்புக்குறியும் போட்டிருந்தார்கள். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். மேக்ரோவுக்கோ எல்லாம் வேறு வேறு.

முதலில் எனக்குத் தோன்றியது எளிய விதி ஒன்று: 'எண் 91-இல் தொடங்கினால் அந்த 91-ஐ நீக்கு'. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் அண்ணன் மகளிடம் இதைக் காட்டினேன். பத்தாம் வகுப்பு படிப்பவள்.

"சித்தப்பா, எங்க கணக்கு டீச்சர் நம்பரே 91-லதானே ஆரம்பிக்குது?" என்றாள்.

உண்மைதான். செல்போன் எண்ணே 91-இல் தொடங்கலாம். 91*-* என்னும் பத்து இலக்க எண்ணில் முதல் இரண்டும் நாட்டு எண் அல்ல. ஆசிரியையின் சொந்த எண்ணின் பகுதி. (பிறர் எண்களை அச்சிடுவது முறையன்று என்பதால் உடுக்குறியிட்டு மறைத்திருக்கிறேன். பிரிட்டனில் நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் என்றே யாருக்கும் தராத எண்களை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். லண்டனில் 020 7946 0000 முதல் 0999 வரை.) ஆகவே எந்த இலக்கத்தில் தொடங்குகிறது என்பது மட்டும் போதாது. மொத்தம் எத்தனை இலக்கங்கள் என்பதையும் எண்ண வேண்டும். பன்னிரண்டு இருந்து 91-இல் தொடங்கினால் அது நாட்டு எண். பத்து மட்டும் இருந்தால் அன்று.

இதோடு தீர்ந்ததா? இல்லை. கோடு, இடைவெளி, கூட்டல் குறி எல்லாவற்றையும் முதலில் துடைத்துவிட்டு இலக்கங்களை மட்டும் எண்ணலாம் என்று நினைத்தேன். பட்டியலில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன ஒருவர் இருந்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தவறாமல் ரத்தம் கொடுப்பவர். சிங்கப்பூரில் நாட்டு எண் 65. பிறகு எட்டு இலக்கங்கள். மொத்தம் பத்து! அதுவும் 6-இல் தொடங்குகிறது! கூட்டல் குறியைத் துடைத்துவிட்டால், இந்தியச் செல்போன் எண்ணுக்கும் அதற்கும் வேறுபாடே தெரியாது. மேக்ரோ அதற்கு முன்னால் +91 போட்டு, சிங்கப்பூர்க்காரரை யாரோ முன்பின் தெரியாத ஓர் இந்தியராக்கிவிடும். ஆகவே, கூட்டல் குறி இருந்ததா என்று பார்த்து நினைவில் வைத்துக்கொண்ட பிறகுதான் துடைக்க வேண்டும். கூட்டல் குறி இல்லாமல் 65-இல் தொடங்கும் பத்து இலக்க எண் வந்தால், அது எந்த நாட்டுடையது என்று மேக்ரோவால் சொல்லவே முடியாது.

சொல்ல முடியாததைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல் இருப்பதுதான் இதில் முக்கியமான பகுதி. ஐயம் வந்தால் எண்ணைத் தொடாதே, பக்கத்தில் ஓர் அடையாளம் மட்டும் போடு என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். கடைசியில் நாங்கள் எழுதிய கட்டளைகள், கணிப்பொறி மொழியிலிருந்து நம் மொழிக்கு வந்தால், இப்படி இருக்கும்:

1. எண்ணை எடு. முதலில் கூட்டல் குறி இருக்கிறதா என்று குறித்துக்கொள். பிறகு இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கு.
2. கூட்டல் குறி இல்லாமல் 00-இல் தொடங்கினால், அந்த 00-ஐ நீக்கிவிட்டு, கூட்டல் குறி இருந்ததாக வைத்துக்கொள்.
3. கூட்டல் குறி இருந்தால்: 91-இல் தொடங்கி 12 இலக்கங்கள் இருந்தாலும், வேறு நாட்டு எண்ணில் தொடங்கினாலும், முன்னால் + போட்டு எழுது. 91-இல் தொடங்கி 12 இல்லையென்றால் அடையாளம் போடு.
4. கூட்டல் குறி இல்லை. 0-இல் தொடங்கி 11 இலக்கங்கள்: 0-ஐ நீக்கி +91 சேர்.
5. கூட்டல் குறி இல்லை. 91-இல் தொடங்கி 12 இலக்கங்கள்: முன்னால் + மட்டும் சேர்.
6. கூட்டல் குறி இல்லை, 10 இலக்கங்கள், 4, 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குகிறது, ஆனால் 65 இல்லை: +91 சேர்.
7. மற்ற எல்லாவற்றுக்கும்: தொடாதே, அடையாளம் போடு.

ஆறாவது கட்டளையில் 4 எதற்கு என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டு ஊர் எண்கள் 4-இல் தொடங்குகின்றன. சுழியம் போடாமல் ஊர் எண்ணோடு எழுதியவர்களுக்காக அது. வரிசையும் முக்கியம். இரண்டாவதை நான்காவதுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள்: சில சிறிய நாடுகளின் எண்கள் 00-ஓடு சேர்ந்து பதினொன்றாகிவிட்டால், நான்காவது கட்டளை அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஏழாவது இல்லாவிட்டால், பட்டியலின் மேலே எழுதி வைத்திருந்த ஆம்புலன்ஸ் எண் 108 என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படி எண்களைத் திருத்தும் வேலை எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. சில வேளைகளில் ஒரு நகரம் முழுவதற்கும், ஒரு நாடு முழுவதற்கும் வந்துவிடும். லண்டனின் ஊர் எண்கள் 1995 ஏப்ரல் 16-இல் 071, 081 என்பவற்றிலிருந்து 0171, 0181 என மாறின. ஐந்தே ஆண்டுகளில், 2000 ஏப்ரல் 22-இல், மறுபடியும் மாற்றம்: ஊர் எண் 020 ஆயிற்று, பழைய எண்ணுக்கு முன்னால் 7 அல்லது 8 சேர்ந்தது. முகவரிப் புத்தகத்தில் 0171 என்று வருமிடமெல்லாம் 0207 என்று மாற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் யாருடைய எண்ணின் நடுவிலாவது 0171 வந்தால்? 'தொடக்கத்தில் இருந்தால் மட்டும்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரேசிலில் இன்னும் சுவையான சிக்கல். சாவோ பாலோவில் 2012 ஜூலை 29-இல் செல்போன் எண்களுக்கு மட்டும் முன்னால் ஒரு 9 சேர்த்தார்கள். 2016-க்குள் இது நாடு முழுவதும் பரவியது. வீட்டுத் தொலைபேசி எண்கள் மாறவில்லை. ஆகவே முகவரிப் புத்தகத்தைத் திருத்துபவர், எட்டு இலக்க எண்ணைப் பார்த்து அது செல்போனா, வீட்டுத் தொலைபேசியா என்று முதலில் கண்டறிய வேண்டியிருந்தது. அதற்கான தடயம் எங்கே? எண்ணின் முதல் இலக்கத்தில்தான்.

மேக்ரோவைப் பற்றி எச்சரிக்கையாக ஒன்று. அது கட்டளைத் தொகுதி என்பதால், கெட்ட எண்ணத்தோடும் ஒருவர் அதை எழுதலாம். 1999 மார்ச்சில் 'மெலிஸா' என்னும் மேக்ரோ உலகெங்கும் பரவியது. மின்னஞ்சலில் வந்த ஆவணத்தைத் திறந்தவுடன், அது அந்தக் கணிப்பொறியின் முகவரிப் புத்தகத்தைப் பிரித்து, முதல் ஐம்பது பேருக்குத் தன் நகலை அனுப்பியது. முகம் தெரியாதவர் அனுப்பிய கோப்பு, 'மேக்ரோவை இயக்கலாமா?' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

நாங்கள் இம்முறை முதலில் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தோம். கணக்குத்தாளில் மேக்ரோ செய்த மாற்றத்தை, நாம் கையால் செய்ததைப் போல ஒரு விசையில் திரும்பப் பெற முடியாமல் போகலாம். பழைய எண்ணை அழிக்காமல், புதிய வடிவத்தைப் பக்கத்துப் பத்தியில் எழுதச் சொன்னோம். வேடத்துக்கு ஓர் எண்ணாக முதலில் பன்னிரண்டு எண்களில் மட்டும் ஓட்டிப் பார்த்து, அவை சரியாக வந்த பிறகு முழுப் பட்டியலையும் கொடுத்தோம். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. அடையாளம் விழுந்த வரிகளை என் அண்ணன் மகள் பிரித்தெடுத்தாள். ஒன்றில் ஊர் எண் இல்லாத எட்டு இலக்கங்கள், 2-இல் தொடங்கின. சென்னையாக இருக்கலாம், உறுதியில்லை. இன்னொன்றில் ஏழே இலக்கங்கள். 077 என்று தொடங்கிய ஒன்று, விசாரித்ததில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படித்த மாணவர் தம் ஊர் வழக்கப்படி எழுதியது. ஒவ்வொருவரையும் தெரிந்தவர்கள் மூலம் தேடிக் கேட்டே அவற்றை முடித்தோம்.

எல்லா எண்களும் ஒரே உடைக்கு வந்த பிறகு, அவற்றை வரிசைப்படுத்தி அடுக்கினோம். அப்போதுதான் அதுவரை யார் கண்ணிலும் படாத ஒன்று தெரிந்தது. ஒரே எண் அடுத்தடுத்த வரிகளில் இரண்டு முறை, மூன்று முறை வந்திருந்தது. பெயர் ஒரு வரியில் முதலெழுத்தோடும் மற்றொரு வரியில் இல்லாமலும், எண் ஒன்றில் சுழியத்தோடும் மற்றொன்றில் 91-ஓடும் இருந்ததால், அவர்களை வேறு வேறு ஆட்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். ஓ நெகட்டிவ் ரத்தத்துக்கு எங்களிடம் ஐந்து பேர் இருப்பதாகக் குழுவின் நோட்டில் எழுதியிருந்தது. அன்று எண்ணிப் பார்த்தால் மூன்றே பேர். அந்த வாரமே மேலும் இருவரைத் தேடிக் கிளம்பினோம்.